பெர்னதெத் மரி என்ற பெயரில் ஒரு ரத்த மாதிரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் உண்மையாக நடந்தது ஐந்து நிமிடம்தான். மீதியெல்லாம் நான் கட்டியது.

அந்த ஐந்து நிமிடம் இது. சர்க்கரை அளவு பார்ப்பதற்காக முத்தியால்பேட்டையில் ஒரு லேபில் உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிறு. பன்னிரண்டு பேர் காத்திருந்தோம். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வி.டி.ஆர்.எல். குடுத்தது யாருங்க? ரிப்போர்ட் வந்துடுச்சு, வி.டி.ஆர்.எல்.” என்று மீன் ஏலம் விடுகிற குரலில் கூவினார். பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கிச் சொன்னார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, எதையும் வாங்காமல் வெளியே போனாள்.

அந்த ரிப்போர்ட் அவளுடையதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். நானும் பார்த்தேன். முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன், மனித மனம் அது இது என்று மேடை ஏறிப் பேசுகிறேன். அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது.

வீட்டுக்கு வந்து இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுத உட்கார்ந்தேன். (எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வசதி. திறக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு வீட்டில் பேனாவைத் திறப்போம்.)

2

முதல் தொடக்கம்: “அன்று கடல் சாம்பல் நிறத்தில் —”

நிறுத்திவிட்டேன். புதுச்சேரியைப் பற்றி எழுதினால் உடனே கடலைக் கூப்பிடுவது ஒரு வியாதி. அதற்கும் ஒரு பரிசோதனை வந்தால் நல்லது.

இரண்டாம் தொடக்கம்: “ஜாஸ்லின் ஒரு தவறு செய்தாள்.”

அடித்துவிட்டேன். இந்த வரியை எழுதியது நான் இல்லை, என் கைக்குள் புகுந்துகொண்டு எங்கள் தெரு எழுதியது.

மூன்றாம் தொடக்கம்: “ஜாஸ்லின் இறாலைப் பரிசோதிக்கிறவள்.”

இது நிற்கட்டும். வயது இருபத்தொன்பது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தை ஒட்டி ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனம், அதன் சோதனைக்கூடத்தில் வேலை. படகில் வந்த இறாலில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூடக் கப்பல் ஏறாது. சேதராப்பட்டில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருக்கும் நெல்சன் என்பவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். கோயிலில் ஓலை வாசிக்கப் போகிறார்கள்.

ஓலை என்றால் என்னவென்று கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில், பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் ஊர் கேட்க வாசிப்பார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் சேர்த்து வாசிப்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். இதுவரை யாரும் எதுவும் போய்ச் சொன்னதாக எனக்குத் தெரியாது. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் பேசுவதோடு சரி.

முதல் ஓலைக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, ஜாஸ்லினுக்கு ஒரு செய்தி வருகிறது. அனுப்பியவன் அவள் இரண்டு வருடம் காதலித்தவன், எட்டு மாதம் முன்பு பிரிந்தவன். “எனக்கு டெஸ்ட்ல ஒண்ணு வந்திருக்கு. நீயும் பாத்துடு. ஸாரி.” அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் போனை அணைத்து வைத்திருக்கிறான்.

இந்த இடம்வரை எழுதிப் பத்திரிகை ஆசிரியர் சக்கரபாணிக்கு அனுப்பினேன். அரை மணியில் கூப்பிட்டார்.

“சார், ஒரு சின்ன யோசனை. பொண்ண நர்ஸா ஆக்கிடுங்க. டூட்டில தெரியாம ஊசி குத்திடுது. அதனாலதான் டெஸ்ட். வாசகர் மனசு அவ பக்கம் வந்துடும்.”

“இப்ப வராதா?”

“இப்ப கொஞ்சம் கஷ்டம் சார். நம்மளது குடும்பப் பத்திரிகை.”

குடும்பங்களுக்கு உடம்பில் ரத்தம் ஓடாது போலிருக்கிறது. போனை வைத்துவிட்டேன். ஆனால் இரண்டு நாள் நானும் தடுமாறினேன் என்பதை மறைக்க மாட்டேன். காதலித்தவன் அவளை ஏமாற்றினான் என்று எழுதலாமா, அவளுக்கு விருப்பமே இல்லை என்று எழுதலாமா என்றெல்லாம் ஓடியது. ஏன்? அவள் பாவம் என்று நிரூபித்தால்தான் அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொடுக்க நமக்கு மனசு வருமா? ஜாஸ்லின் அவனைக் காதலித்தாள். விருப்பத்தோடு இருந்தாள். பிறகு பிரிந்தாள். இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை.

3

இப்போது அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, ஊரில் எந்தத் திசை என்று தேடாதீர்கள். இந்தக் கதைக்காக நானே செங்கல் வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி.

அதில் பால்வினை நோய்ப் பிரிவு செவ்வாயும் வெள்ளியும் மட்டும். நாளைக்குப் பன்னிரண்டு பேர். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் வரவேண்டும், நேரில் வந்து நின்றால் பார்க்க மாட்டார்கள். கொரோனாக் காலத்தில் கூட்டம் சேரக்கூடாது என்று போட்ட கட்டுப்பாடு. கொரோனா போய்விட்டது, கட்டுப்பாடு பென்ஷன் வாங்காமல் போகாது. முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று படகுகள் வந்துவிட்டதால் ஜாஸ்லினுக்கு வேலை, கோயிலுக்குப் போகவில்லை. மறுநாள் காலை முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். இடம் இருந்த முதல் நாள், அன்றிலிருந்து இருபத்திரண்டாம் நாள். கல்யாணம் பதினாறாம் நாள்.

ஏன் அவள் கடலூருக்கோ சென்னைக்கோ போகக்கூடாது என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது பெண்ணைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்புகிற அம்மாவை எனக்குக் காட்டுங்கள். தனியார் லேபுக்கு ஏன் போகக்கூடாது? முதல் பகுதியை மறுபடியும் படியுங்கள்.

பக்கத்தின் அடியில், அவசரம் என்றால் போனில் ஆலோசனை பெறலாம் என்று இருந்தது. நம்பரைப் பதிவு செய்தாள். கூப்பிடுவோம் என்று வந்தது. எப்போது என்று இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு, எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் சோதனைக்கூடத்தில், போன் அடித்தது. ஜாஸ்லின் எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லாத இடம் ஒன்றுதான், இறால் பெட்டிகள் அடுக்கிய ஐஸ் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பூர்ணிமா பேசறேன், ஆஸ்பத்திரி ஆலோசகர். பக்கத்துல யாராவது இருக்காங்களா? பேச முடியுமா?”

“இறால் மட்டும்தான் மேடம்.”

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. ஜாஸ்லின் நடந்ததைச் சொன்னாள். பல் கிட்டியது, குளிர். பூர்ணிமா நல்ல மாதிரி. (அவரைக் கடுகடுப்பானவராக எழுதத்தான் ஆரம்பித்தேன். பிறகு தோன்றியது, இந்த ஊரில் கெட்டவர்கள் குறைவு, கெட்ட படிவங்கள்தான் அதிகம்.)

“எட்டு மாசம் ஆச்சுன்னா டெஸ்ட்ல தெளிவா தெரிஞ்சுடும்மா. இருந்தாலும் பயப்படாத, ஊசி மாத்திரைல சரியாவுறதுதான் நெறய. கல்யாணம் ஆயிடுச்சா?”

“எதுக்கு மேடம்?”

“ஃபார்ம்ல இருக்கு. புருஷன் பேரு, இல்லன்னா அப்பா பேரு. போடலன்னா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது.”

“எனக்கு முப்பது வயசு ஆவப் போவுது.”

“எனக்குப் புரியுதும்மா. கம்ப்யூட்டருக்குப் புரியல.”

“நான் தெனமும் இங்க சாம்பிள் பாக்குறேன் மேடம். ஒரு இறாலுகிட்டகூட அப்பா பேரு கேட்டதில்ல.”

 பூர்ணிமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேற வழி ஒண்ணு இருக்கு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற லேபு ஒண்ணு இருக்கு. ஆதார் கேக்க மாட்டாங்க. எந்தப் பேர் வேணாலும் குடு, ரிப்போர்ட் அந்தப் பேர்லயே வரும். போன் நம்பர் மட்டும் உன்னுதா இருக்கணும். சாம்பிள் சென்னைக்குப் போயி வரணும், ஒரு வாரம் ஆவும்.”

வீட்டுக்கு எப்படி வரச் சொல்வது? வீட்டில் அத்தை, சித்தி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, பாதி ஊர். ஜாஸ்லின் முத்தியால்பேட்டை ஜஹபர் நிஷாவின் தையல் கடை முகவரியைக் கொடுத்தாள். கல்யாண ரவிக்கை அங்கேதான் தைக்கிறது. அளவு பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை உண்டு. கல்யாணப் பெண் தையல் கடைக்கு எத்தனை முறை போனாலும் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.

“நிஷாக்கா, உங்க திரைக்குப் பின்னால பத்து நிமிஷம் வேணும். ரத்தம் எடுக்க ஆள் வருது.”

நிஷா வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். “என்னாத்துக்குன்னு கேக்க மாட்டேன். எங்க கடைல ஊசி குத்தாத நாளு ஏது. வரச் சொல்லு.”

4

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

லேபுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். ஜாஸ்லின் யோசித்தாள். அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பெர்னதெத் மரி. பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் நினைவாக அவள் தாத்தா வைத்தது. பள்ளியில் அந்தப் பெயர் இல்லை, ஆதாரில் இல்லை, வேலையில் இல்லை. வீட்டில்கூட யாரும் கூப்பிடுவதில்லை. இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்குமா? பெர்னதெத் மரி என்று கொடுத்தாள். நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனேன், கெட்டிக்காரப் பெண் என்று ஒரு அடைமொழிகூடப் போட்டேன். (இப்போது எடுத்துவிட்டேன்.)

புதன்கிழமை லேபிலிருந்து யூஜின் என்பவர் வந்தார். முப்பத்தைந்து வயது, அமைதியான ஆள், முகத்தில் மாஸ்க். திரைக்குப் பின்னால், சாக்பீஸ் தூசுக்கும் லைனிங் துணிக்கும் நடுவில், அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். குழாயில் பெர்னதெத் மரி என்று ஒட்டினார். போய்விட்டார். யாருக்கும் தெரியாது. முடிந்தது.

ஞாயிறு வந்தது. இரண்டாம் ஓலை. ஜாஸ்லின் அம்மாவோடு ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் வாசித்தார்: “அந்தோணி நெல்சன், பெர்னதெத் மரி ஜாஸ்லின்...”

கோயிலுக்கு ஆதார் எல்லாம் கணக்கில்லை. ஓலை ஞானஸ்நானப் பெயரில்தான் வாசிப்பார்கள். உலகத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லும் இடம் ஒன்றே ஒன்றுதான், அங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.  நானும் அதே கோயிலில் ஐம்பது வருடமாகப் பின் பெஞ்சில் உட்காருகிறவன், எனக்கும் அந்த வரியை எழுதும்போதுதான் உறைத்தது.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் தலை நிமிர்ந்தார். யூஜின்.

5

யூஜினை முதலில் வம்பளக்கிறவனாக எழுதினேன். “யூஜின் அன்று மாலையே நான்கு பேரிடம் —” அடித்துவிட்டேன். வம்பளக்கிறவன் என்றால் எளிது, வாசகர் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். இவர் நல்லவர். அதுதான் எனக்கு எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை, ஜாஸ்லின் ரவிக்கை போட்டுப் பார்க்க வந்திருந்தபோது, கடை வாசலில் வந்து நின்றார்.

“சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு நாளா மனசு ஒரு மாதிரி இருக்கு. தடை ஏதும் தெரிஞ்சா சாமியார்கிட்ட சொல்லணும்னு ஓலைல சொல்றாங்கல்ல.”

“உங்களுக்கு என்னாண்ணா தெரியும்?”

“நீங்க டெஸ்ட் எடுத்தது.”

“ரிசல்ட் தெரியுமா?”

“அது எனக்கு வராது. ரத்தம் எடுத்துக் குடுக்குறதோட சரி.”

“அப்ப டெஸ்ட் எடுத்ததே தடையா?”

 ஜாஸ்லின் நிறுத்தவில்லை. “ரெண்டு பேர் பேரையும்தான் வாசிச்சாங்க. நெல்சன் டெஸ்ட் எடுக்கல. அது உங்களுக்கு உறுத்தல. எடுத்தவ மேலதான் உறுத்துது. நான் எடுக்காம, ஒண்ணும் தெரியாத மாதிரி மணமேடைல போயி நின்னிருந்தா, நீங்க கீபோர்டு வாசிச்சிட்டு பிரியாணி சாப்ட்டுப் போயிருப்பீங்கல்ல?”

நிஷா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே திரும்பினாள். “தம்பி, இந்தக் கடைல எத்தினி பொம்பளைங்க அளவு குடுக்குறாங்க தெரியுமா? யார் ஒடம்பு எப்படின்னு நான் வெளிய போயி பேசுனா நாளைக்கு இங்க ஒருத்தி வருவாளா? உன் வேலையும் அதே வேலதான். மனசு ஒரு மாதிரி இருந்தா, இருந்துட்டுப் போவட்டும்.”

யூஜின் ஸாரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நேராகச் சாமியாரிடம் போகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டு, அவரை அடுத்த வீட்டுக்கு ரத்தம் எடுக்க அனுப்பினேன். இதற்காக யாரும் அவரைப் பாராட்ட வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருப்பது அவர் வேலையில் பாதி. செய்ய வேண்டியதைச் செய்ததற்கு மாலை போட என்னால் முடியாது.

6

வியாழக்கிழமை மதியம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. ஜாஸ்லின் ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பின்னாலேயே போயிருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு எந்தக் கதவும் கதவில்லை. போகவில்லை. வெளியே நின்றுகொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். அவள் முகம் —

இல்லை. முகத்தை எழுதினால் ரிப்போர்ட்டை எழுதியதுபோல ஆகிவிடும்.

சக்கரபாணி மறுபடியும் கூப்பிட்டார். “முடிவு என்னா சார்? ஒண்ணும் இல்லன்னு வந்துடுதுன்னு வச்சிடுங்க. நிம்மதியா இருக்கும்.” யாருக்கு நிம்மதி? ஒன்றும் இல்லை என்று வந்தால் அவள் நல்லவள், ஏதாவது இருந்தால் கெட்டவளா? கிருமி ஒழுக்கம் பார்த்து வருவதாக எந்தப் புத்தகத்தில் படித்தார்? இன்னொரு முடிவு, நோய் இருக்கிறது, நெல்சன் விட்டுப் போகிறான், அவள் கடற்கரையில் தனியாக நிற்கிறாள். முப்பது வருடம் முன்பு எழுதியிருப்பேன், பரிசும் வாங்கியிருப்பேன். இரண்டையும் குப்பையில் போட்டாயிற்று.

எனக்குத் தெரிந்தது, வெள்ளிக்கிழமை அவள் என்ன செய்தாள் என்பது மட்டும். சாப்பாட்டு நேரத்தில் நெல்சனைத் துறைமுக வாசலுக்கு வரச் சொன்னாள். ஏலம் முடிந்து வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். அவனை நிழலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். காதல், செய்தி, திரை, குழாய், பெயர். எதையும் விடவில்லை. அழவும் இல்லை.

நெல்சன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “ஏன் முன்னாடியே என்கிட்ட சொல்லல?”

“இப்ப சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடி சொல்றேன்.”

“சரி. என்னா வந்துச்சு?”

“நீங்களும் எடுங்க. நீங்க எந்த லேபுக்கும் நடந்து போலாம், மறுநாளே குடுத்துடுவாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒண்ணாப் படிப்போம். அதுல என்னா இருந்தாலும் சரி, மேல என்னா பண்றதுன்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணலாம்.”

“எனக்கு எதுக்கு டெஸ்ட்?”

“எனக்கு எதுக்கோ அதுக்குத்தான்.”

“அது வேற, இது வேற ஜாஸ்லின். உனக்கு என்னா வந்துச்சுன்னு மொதல்ல சொல்லு.”

“சொல்ல மாட்டேன்னு சொல்லல. உங்களுதோட சேத்து சொல்றேன். மறைக்கணும்னா உங்கள வரவே சொல்லியிருக்க மாட்டேன். நான் மட்டும் கைய நீட்டிட்டு நிக்கணும், நீங்க பாத்து சரியா தப்பான்னு சொல்லணும்னா, அது முடியாது.”

நெல்சன் அவளைப் பார்த்தான். ஞாயிறு மூன்றாம் ஓலை, புதன் கல்யாணம். இரண்டு குடும்பமும் பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டார்கள்.

அவனுடைய பதில் இந்த இடத்தில் வரவேண்டும். நான்கு முறை எழுதினேன். நான்கிலும் அவன் தலையைக் குனிந்து, மனம் மாறி, நல்லவனாகப் பேசினான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். என் கதைகளில் எல்லா ஆண்களும் இப்படித்தான். கஷ்டமெல்லாம் பெண்கள் படுவார்கள், கடைசிப் பத்தியில் ஆண் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டு போவான். நெல்சன் அப்படிச் சொல்வானா என்று எனக்கு உண்மையில் தெரியாது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது மட்டும் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான்கு காகிதத்தையும் கிழித்துவிட்டேன்.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன்.

நெல்சன் சொன்னான்: “.....................................”

நிரப்பிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் நிரப்ப முடியும் என்கிறவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.